தவிட்டுக்குப் போன பிள்ளை

லூர்துமேரிக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தியைச் சாந்தோம் குப்பத்தில் யாரும் நம்பவில்லை. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது ஒரு வேலையாம், அதற்குச் சம்பளமும் உண்டாம். "கேள்வி கேட்டா காசு குடுப்பாங்கன்னா நம்ம தெருவுல பாதிப் பேரு பங்களா கட்டிக்கினு பூட்டிருப்பாங்களே" என்று அவள் அம்மா அந்தோணியம்மாள் மீன்கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள். சொன்னாளே தவிர உள்ளுக்குள் சந்தோஷம்தான். மகள் ராயபுரத்தில் வாழப் போய், புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்ததிலிருந்து மூலையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். படித்த பெண்ணுக்கு மீன்கூடை தூக்க மனம் வராது. படிக்காத இடத்தில் படித்தவளுக்கு வேறு வேலையும் கிடையாது.

அந்த நாளில் லஸ் பக்கத்து வக்கீல்களும் டாக்டர்களும் அவர்கள் வீட்டு அம்மாக்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மயிலாப்பூர் கால்வாய்க்கரைக் குடிசைகளில் ஏன் இத்தனை குழந்தைகள் சாகின்றன என்று அவர்களுக்கு ஒரு நாள் கவலை வந்துவிட்டது. கரையில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்திருந்தாலே விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் படித்தவர்களுக்கு மூக்கால் தெரிந்துகொள்வது போதாது, எழுத்தில் வேண்டும். அதற்காகச் சீமையில் படித்துவிட்டு வந்த பேராசிரியர் வேதநாயகத்தைப் பிடித்தார்கள். மனிதர்கள் கூட்டமாக எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியே ஒரு படிப்பு இருக்கிறது, அதற்குச் சமூகவியல் என்று பெயர், அதில் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது என்று அவர் சொன்னபோது சங்கத்தார் தலையாட்டினார்கள். பெண்களிடம் பிள்ளைப்பேறு பற்றிக் கேட்க ஆண்கள் போக முடியாதே, எழுதத் தெரிந்த, குடிசைக்குள் குனிந்து நுழைய மூக்கைச் சுளிக்காத பெண் வேண்டுமே என்று தேடியபோதுதான் பாதிரியார் லூர்துமேரியைக் காட்டிக் கொடுத்தார்.

வேதநாயகம் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் அவர்மேல் பாயக் கூடாது. குடை பிடித்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குத் தானே நடந்து வந்தவர். குடிசைக்காரர்களை "நீங்க" என்று பேசியவர். ஆனால் முறை என்றால் அவருக்கு உயிர். வேறெங்கோ நடந்த ஒரு கணக்கெடுப்பில் ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு தாங்களாகவே விடைகளை எழுதி நிரப்பியதைக் கண்டு கொதித்துப் போனவர் அவர். அதனால் லூர்துமேரிக்கு அவர் சொன்ன விதிகள் கறாராக இருந்தன. பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கேட்கும்போது முகத்தில் அழுகையோ சிரிப்போ காட்டக் கூடாது. பதில் சந்தேகமாகத் தோன்றினால் அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு தரம் கேட்கலாம், அதற்கு மேல் கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லவே கூடாது.

"அவங்க என்ன சொல்றாங்களோ அதை எழுதுங்க, லூர்துமேரி. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதினா அது உங்க வீட்டுக் கதை. அது நமக்கு வேண்டாம்."

"சரிங்க ஐயா" என்றாள் அவள். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவளுக்கு விதி என்றால் கடவுளின் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தபடிதான்.

முதலில் எல்லாக் குடிசைகளிலும் கேட்பதாக யோசனை இல்லை. ஐந்துக்கு ஒன்று என்று எடுத்தால் போதும், அதிலிருந்து மொத்தமும் தெரிந்துவிடும் என்றுதான் வேதநாயகம் திட்டம் போட்டிருந்தார். கரைக்காரர்களுக்கு அது பிடிபடவில்லை. தாண்டிப் போன வீட்டுப் பெண்கள் வழியை மறித்துக்கொண்டார்கள். "அவ வூட்ல மட்டும் கேட்டியே, எங்க வூட்ல சாவலியா? ரெண்டு வாரிக் குடுத்துட்டு உக்காந்துக்கினுகீறேன், என்ன மட்டும் கண்ணு தெரியலியா?" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். கேட்கப்படுவதே ஒரு மரியாதை என்று அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வேதநாயகம் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "எல்லா வீட்டையும் எடுத்துடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பாஞ்சாலியின் குடிசை படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் புருஷன் முனியன் கால்வாய்ப் படகுகளில் சவுக்குக் கட்டை ஏற்றி இறக்கியவன். சரிந்த கட்டைகளுக்கு அடியில் சிக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான். பாஞ்சாலி மாம்பலத்தில் சித்தாள் வேலை செய்தாள். ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பிக்கொண்டிருந்த காலம், கலவைச் சட்டி தூக்க ஆள் போதாத காலம். அன்று மழை பெய்து வேலை இல்லாததால் வீட்டில் இருந்தாள். மடியில் ஒரு ஆண் குழந்தை படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. நடக்கிற வயசு. மூக்குக் குத்தி ஒரு சின்னப் பித்தளை வளையம் போட்டிருந்தது.

"பெத்தது எத்தனைம்மா?"

"மூணு."

"இப்ப இருக்கிறது?"

"மூணும் பூட்ச்சு."

லூர்துமேரி மடியைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டாள். பாஞ்சாலி அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்துது இல்லக்கா. சொர்ணத்தோடது, அதோ அடுத்த வூட்டுக்காரி. தவுட்டுக்கு வாங்கிக்கினா. நான் பாலு குடுக்குறேன், அவ்ளோதான்."

லூர்துமேரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வரிசையாகப் பிள்ளைகள் செத்துப்போன வீட்டில் அடுத்தது பிறந்தால், குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை இவளுடையது இல்லை, வேறொருத்தியுடையது என்று எமன் ஏமாந்து போகட்டும் என்று. தவிடு என்றே பெயரும் வைப்பார்கள். பிள்ளை பெற்றவள் வீட்டில்தான் வளரும், பெற்றவள் பாலைத்தான் குடிக்கும். அம்மா என்று மட்டும் வாங்கியவளைக் கூப்பிடும். சாந்தோம் குப்பத்திலும் இது உண்டு. லூர்துமேரியின் சொந்த அண்ணனையே கோவில் வாசலில் போட்டுவிட்டுப் பிச்சையாகத் திரும்ப வாங்கி வந்ததாக அந்தோணியம்மாள் சொல்லியிருக்கிறாள்.

"மூணாவது கூட நல்லாத்தான் இருந்துச்சு" என்று பாஞ்சாலி கேட்காமலே சொன்னாள். "கொழுகொழுன்னு இருக்கும். அம்ம குத்துறவரு வந்தாரு. 'யாரு புள்ளம்மா இது, இப்பிடி அழகா கீது'ன்னாரு. நானு பெருமையா 'எம்புள்ள'ன்னு சொல்லிட்டேன். அந்த வாரமே காய்ச்சலு. வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னிக்கு ஓடிக்கினு இருந்திருக்கும்."

குழந்தை பாலை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி, "பாஞ்சாலி, தண்ணி" என்றது. தாயைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது.

லூர்துமேரியின் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. இருப்பது ஒன்று என்று எழுதினால் அதுதான் உண்மை. ஆனால் இவள் சொன்னது அது இல்லை. சொன்னதை எழுது என்பதுதான் கட்டளை. பிறந்தது மூன்று, இறந்தது மூன்று என்று எழுதினாள். பென்சில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்த பாஞ்சாலி, எழுதி முடித்ததும் மூச்சை விட்டாள். படிக்கத் தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது. சர்க்கார் மாதிரி வந்த ஒருத்தியே எழுதிக்கொண்டு போய்விட்டாள், எமனுக்கு இனிமேல் என்ன சந்தேகம் வரப்போகிறது?

அடுத்த குடிசை சொர்ணத்துடையது. புருஷன் சுப்புராயன் அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையல்காரன். நல்ல வரும்படி, நல்ல மனுஷன், வீட்டில் பித்தளைப் பாத்திரங்கள் பளபளவென்று இருக்கும். பிள்ளை மட்டும் இல்லை. சொர்ணம் வாசலில் பாய் விரித்து லூர்துமேரியை உட்காரச் சொன்னாள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். தன் முறை வருமென்று காலையிலிருந்தே காத்திருந்தாள் போலிருக்கிறது.

"பெத்தது எத்தனைம்மா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்குச் சொர்ணம் தலையைக் குனிந்தே பழக்கப்பட்டவள். கேட்டவர்களும் பதிலுக்காகக் கேட்டவர்கள் இல்லை, குத்திக் காட்டக் கேட்டவர்கள். இவளோ முகத்தில் ஒன்றையும் காட்டாமல், பென்சிலைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தாள். சொர்ணம் ஒரு தரம் பாஞ்சாலி வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள். "ஆம்பளப் புள்ள."

அது பொய் என்று லூர்துமேரிக்குத் தெரியும். விதியில் ஒரு இடம் இருந்தது. அதே குரலில் இன்னொரு தரம் கேட்கலாம். கேட்டால் மாற்றிக்கொள்வாள், சிரித்துவிட்டு 'தவுட்டுக்கு வாங்கினதும்மா' என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள்.

"பெத்தது எத்தனைம்மா?"

"ஒண்ணு." இந்தத் தரம் உடனே வந்தது, உரக்கவும் வந்தது. "எம்புள்ள."

"பேரு?"

"தவு... இல்ல, இரு. ராஜவேலுன்னு எழுதிக்கோ."

அந்தப் பெயர் எத்தனை வருஷமாக அவள் வாய்க்குள் கிடந்ததோ தெரியாது. லூர்துமேரி எழுதினாள். தலை நிமிர்ந்தபோது சொர்ணத்தின் முகம் மாறிப்போயிருந்தது. வாய்விட்டுச் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. வெகுநேரம் நின்றுகொண்டிருந்தவளை யாரோ உட்காரச் சொன்ன மாதிரி இருந்தாள்.

சாயங்காலம் வேதநாயகத்திடம் லூர்துமேரி எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குக் கண்கள் மின்னின. "அருமையான வழக்கம். இதை ஒரு தனிக் குறிப்பா எழுதிக் குடுங்க. விடையை மட்டும் மாத்தாதீங்க. இவங்க இல்லைங்கிறாங்க, அவங்க உண்டுங்கிறாங்க. அப்படியே இருக்கட்டும். நீங்க செஞ்சது ரொம்பச் சரி" என்றார். வாழ்க்கையில் யாரும் அவளை ரொம்பச் சரி என்று சொன்னதில்லை. அன்று அவள் வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள். நினைத்தால் வயிறு எரிகிறது.

அதற்கப்புறம் கரையில் நடந்ததெல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. சொர்ணம் பிள்ளையைத் தவிடு என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். ராஜவேலு, ராஜவேலு என்று கரை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். அறுபத்துமூவர் திருவிழாவுக்குச் சட்டை தைத்துப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு மாடவீதி சுற்றினாள். ராத்திரியில் தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு நாள், "இன்னாத்துக்கு இன்னும் பாலு, மறக்கடிச்சிடு பாஞ்சாலி" என்று சாதாரணமாகச் சொன்னாள். பாஞ்சாலி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறக்கடித்தாள். அவள் என்ன சொல்லி மறுக்க முடியும்? பிள்ளை சொர்ணத்துடையது என்று ஊர் நம்ப வேண்டும் என்றுதானே அவளும் இருந்தாள்? அவள் போட்ட வேலி, தாண்ட வழியில்லை.

முன்பு கேட்ட வீடுகளில் சிலவற்றை மறுபடியும் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று வேதநாயகம் அனுப்பியபோதுதான் லூர்துமேரி திரும்ப அந்தப் பக்கம் வந்தாள். படகுத்துறையில் பாஞ்சாலி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, சுப்புராயனோட தொரைக்கு ரங்கூனுக்கு மாத்தலாயிட்டுதாம். இவரையும் இட்டுக்கினு போறாராம். கப்பலேறப் போறாங்க. புள்ளயும் கூடப் போவுது."

"குடுக்க மாட்டேன்னு சொல்லேன்!"

"எப்பிடிக்கா சொல்றது? அது எம்புள்ள இல்லியே." அவள் கண் ஆகாயத்தையும் பக்கத்துக் குடிசைகளையும் நோட்டம் விட்டது, யார் கேட்கிறார்கள் என்று.

லூர்துமேரி ரகசியமாகச் சொன்னாள்: "எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் எழுத மாட்டேன், யாருக்கும் சொல்ல மாட்டேன். நீ சொன்னா நான் போயி எல்லார் கையிலயும் கால்லயும் விழறேன்."

"நீ எழுத மாட்டக்கா. கேக்குறவன் மேலேர்ந்து கேட்டுக்கினேதான கீறான்."

லூர்துமேரி நேரே சொர்ணத்திடம் போனாள். கேள்வி கேட்பவளாக இல்லாமல் சண்டைக்காரியாகப் போனாள். "நெஞ்சுல கை வச்சுச் சொல்லு சொர்ணம், யாரு புள்ள அது?" என்றாள். சொர்ணம் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"எனக்கும் தெரியும்க்கா, நான் இன்னா பைத்தியமா? மொதல்ல எல்லாம் வெளாட்டுதான். நீ வந்து குந்திக்கினு கேட்டியே, அன்னிலேர்ந்து வெளாட்டு இல்ல. கல்யாணமாயி இத்தினி வருசத்துல நான் சொன்னத அப்பிடியே எழுதிக்கினவ நீ ஒருத்திதான். ரெண்டாந்தரமும் கேட்ட. ரெண்டாந்தரம் சொல்றப்போ எனக்கே தெரிஞ்சுபோச்சு, அவன் எம்புள்ளதான்னு. இனிமே அவன உட்டுட்டு நான் எப்பிடிக் கப்பலேறுவேன், சொல்லு."

பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சொன்னார்களே, கேட்பதே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

வேதநாயகம் வீட்டுக்கு ஓடினாள். அவர் எழுந்து நின்று கேட்டார், பதறிப்போனார். தான் நேராக வந்து சாட்சி சொல்வதற்கில்லை, வீடுகளில் சொன்னதை வெளியே சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், அதை மீறினால் நாளைக்கு எந்தக் குடிசையும் நம்மை நம்பாது என்றார். ஆனால் சங்கத்து வக்கீல் ஒருவரைப் பார்க்கலாம் என்று தானே அழைத்துக்கொண்டு போனார். வக்கீல் சுலபமான விஷயம் என்றார். தாய் வந்து என் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். எந்தப் பக்கம் சுற்றினாலும் வழி அந்த ஒரு வார்த்தையில் வந்து முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாட்டாமை பொன்னுரங்கத்தின் விறகுத்தொட்டியில் பஞ்சாயத்து கூடியது. பூசை முடிந்ததும் முடியாததுமாக லூர்துமேரி அங்கே வந்துவிட்டாள். பொன்னுரங்கம் முரடன் என்று பெயரெடுத்தவன், அன்று அவன் பேசிய மாதிரி ஒரு ஜட்ஜ் பேசியிருக்க மாட்டான்.

"தோ பாரு பாஞ்சாலி. யாரு பெத்ததுன்னு இங்க எல்லாத்துக்கும் தெரியும். உனுக்குப் பிரசவம் பாத்த முத்தம்மா தோ குந்திக்கினுகீறா. தவுட்டுக்குக் குடுத்தது சாத்திரத்துக்கு. எங்கம்மாகூட என்ன அப்பிடித்தான் குடுத்தா. ஒரே ஒரு வார்த்த சொல்லு. எம்புள்ளன்னு சொல்லு. சொல்லிட்டுப் புள்ளயத் தூக்கிக்கினு போ. சொர்ணம் ஒண்ணும் பண்ண முடியாது."

சொர்ணம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அது நியாயமான தீர்ப்பு என்று தெரியும். பிள்ளை நடுவில் மரப்பட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து எழுந்து போய்ப் பாஞ்சாலியின் மடியில் ஏறிக்கொண்டு, "பாஞ்சாலி, பசிக்குது" என்றது. அவள் கை தானாகவே அதன் தலையைத் தடவிற்று. சொல்லிவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. மூன்றாவது பிள்ளையை அந்த வார்த்தையால்தான் கொன்றோம் என்று நினைக்கிறவள் நான்காவதுக்கும் அதை எப்படிச் சொல்வாள்? சொன்னால் பிள்ளை கையில் இருக்கும், உயிரோடு இருக்காது. சொல்லாவிட்டால் கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கும், ஆனால் இருக்கும்.

லூர்துமேரியால் தாங்க முடியவில்லை. "சொல்லு பாஞ்சாலி! எம்புள்ளன்னு சொல்லு! சொல்லேண்டி!" என்று கத்தினாள். கற்றுக்கொண்ட விதிகளையெல்லாம் அந்த நிமிஷத்தில் அவள் உடைத்தாள். உடைத்து என்ன பிரயோசனம்? பாஞ்சாலி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தன் பிள்ளையை வெட்ட அரிவாளோடு வந்தவளைப் பார்க்கிற பார்வை அது.

"எம்புள்ளங்க எல்லாம் மண்ணுக்குள்ள கீது" என்றாள் பாஞ்சாலி, எல்லோருக்கும் கேட்கும்படி. "இது சொர்ணத்தோடது." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொர்ணத்தின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவளே இல்லேங்கிறா. நானு இன்னா பண்றது?" என்றான். சொர்ணம்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள்.

அவர்கள் புறப்பட்ட அன்று ஜட்கா வண்டி படகுத்துறை வரைக்கும் வந்து நின்றது. பாஞ்சாலி வேலைக்குப் போய்விட்டாள். மாம்பலத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டு மாடிக்கு அன்றைக்குத் தளம் போட்டார்கள். அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பொழுது சாயும்வரை சட்டி தூக்கினாள் என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள். லூர்துமேரி மட்டும் கரையில் நின்றாள். வண்டிக்குள்ளிருந்து பிள்ளை, "பாஞ்சாலி வர்ல?" என்று கேட்டது. சொர்ணம், "அப்பாலிக்கு வருவா" என்றாள்.

சில மாதங்கள் கழித்து மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டது. மின்விசிறி சுற்றியது, பானகம் கொடுத்தார்கள். வேதநாயகம் நன்றாகவே எழுதியிருந்தார், கால்வாய்த் தண்ணீரைப் பற்றியும் பால் கிடைக்காததைப் பற்றியும் உறைக்கிற மாதிரி எழுதியிருந்தார். தவிட்டுக்கு விற்கும் வழக்கமும் ஒரு பத்தியில் வந்தது, பெயர் இல்லாமல். அந்தப் பத்திக்குத்தான் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள், "பாவம், என்ன நம்பிக்கை பாருங்கோ! நம்மாத்து வேலைக்காரிகூட இப்படித்தான் ஏதோ சொல்லிண்டு இருந்தா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப் போவதாகத் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பால் கால்வாய்க்கரைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

தேனாம்பேட்டையில் அடுத்த ஆராய்ச்சி தொடங்கப்போவதாகவும் அவள் கட்டாயம் வர வேண்டும் என்றும் வேதநாயகம் சொல்லியனுப்பினார். லூர்துமேரி போகவில்லை. ஒரு குடிசைக்குள் குனிந்து நுழைந்து ஒரு பெண்ணைப் பார்த்து எதையாவது கேட்பது இனி அவளால் ஆகாது. வீட்டில்கூட யாரையும் எதுவும் கேட்கமாட்டாள். கோவிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தாள். நீ பொய் எழுதவில்லையே மகளே, இதில் பாவம் என்ன என்று அவர் கேட்டார். பாவமன்னிப்பு கிடைத்த மாதிரி அவளுக்கு இல்லை. அந்தோணியம்மாளுக்கு முட்டி பிடித்துக்கொண்டபோது கூடையை இவள் எடுத்துக்கொண்டாள். மீன்காரியிடம்தான் எல்லாரும் கேட்பார்கள், மீன்காரி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின. நன்றாக ஓடின என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் முற்பகலில் அவள் சாந்தோம் சந்தையில் கூடையைப் பரப்பி உட்கார்ந்திருந்தபோது எதிரில் பாஞ்சாலி வந்து நின்றாள். கையிலும் முழங்காலிலும் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மாம்பலத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"அக்கா, நீ எழுதிக்கினு வருவியே, அந்தப் பெரிய காயிதம், அது கீதா?"

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, பாஞ்சாலி. நான் இப்ப அங்க இல்ல."

"வேற யாரு எழுதுறாங்க?"

"யாரும் எழுதல."

பாஞ்சாலிக்கு அது பெரிய ஏமாற்றமாகத் தெரிந்தது. பிறகு கூடைக்கு முன்னால் குந்திக்கொண்டு, குரலைத் தணிக்காமல், சந்தை இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்: "தப்பா எழுதிட்டக்கா. பெத்தது மூணு இல்ல, நாலு. நாலாவது ஆம்பளப் புள்ள. எம்புள்ள."

லூர்துமேரி கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள். சொல்ல முடியாத வார்த்தையை இவள் சொல்கிறாள் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அவள் எதுவும் கேட்கவில்லை. பாஞ்சாலியே சொன்னாள். அந்தத் துரையிடம் பட்லராக இருந்த அக்பர் பாஷா ரங்கூனிலிருந்து திரும்பி வந்திருக்கிறான். போன மழைக்காலத்தில் அங்கே வாந்திபேதியாம். பிள்ளைக்கு ஒரே பொழுதில் முடிந்துவிட்டதாம். சொர்ணம் பாதிப் பைத்தியமாகக் கிடக்கிறாளாம்.

"இப்பச் சொல்லலாம்க்கா. இப்ப ஒண்ணும் ஆவாது" என்றாள் பாஞ்சாலி. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "நானு ஒயுங்கா வாய மூடிக்கினுதான் இருந்தேன். ஒரு நாளு கூடச் சொல்லல, தனியா இருக்கும்போது கூடச் சொல்லல. அவதான் சொல்லிக்கினே இருந்தா. எம்புள்ள எம்புள்ளன்னு ஊரெல்லாம் கேக்குறாப்ல சொல்லிக்கினே இருந்தா. அதான் எமன் கேட்டுக்கினு வந்துட்டான்." கோபமோ பழியோ அவள் குரலில் இல்லை, ஞாபகப்படுத்திக்கொள்கிறவள் மாதிரித்தான் சொன்னாள். "மொதல்ல அவ சொன்னது உங்கிட்டதான், இல்லக்கா?"

லூர்துமேரி கூடையிலிருந்த மீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கினாள்.

மீன் வாங்க வந்த அமீனா பீ கூடையின் மேல் குனிந்தாள். அந்தப் பக்கத்தில் நல்ல மனசுக்காரி என்று பெயரெடுத்தவள். வரும்போது பாஞ்சாலி சொன்னதில் எம்புள்ள என்ற வார்த்தை மட்டும் அவள் காதில் விழுந்திருந்தது. "உன் பையனா? மாஷா அல்லா. இன்னா வயசும்மா ஆவுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சு நடக்குது" என்றாள் பாஞ்சாலி. அவள் முகம் மலர்ந்தது. "கொழுகொழுன்னு இருப்பான். எம்புள்ள."